பதினோராவது கொக்கி

தையலக்கா செய்த தப்பு என்று பார்த்தால், கையகல கார்டு ஒன்றை எடுத்து ஒரு கொக்கியில் மாட்டியதுதான். ஐந்து புதன்கிழமை, ஐந்து தடவை. கேட்கிறவர்களுக்கு இதற்குப் போயா இவ்வளவு என்று தோன்றும். அவளுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். அந்தக் குடியிருப்பில் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஒரு தொண்டு நிறுவனத்தார் குழு அமைத்திருந்தார்கள். மாதம் பிறந்தால் ஒவ்வொருத்தி கணக்கிலும் உதவிப்பணம் வந்து விழும். கடன் கிடையாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்கள். புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருந்த பழைய பள்ளிக்கூட அறையில் கூடி ஒரு மணி நேரம் பேச வேண்டும். பேசுவதற்கா காசு தருகிறார்கள் என்று எல்லோருக்கும் சந்தேகம். "நம்ம தெருவுல இதை ஓசியிலயே பண்றோமே" என்றாள் முட்டைக்காரி.

கூடையில் முட்டை வைத்து வீடு வீடாக விற்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கொஞ்சம் பூசின உடம்பு. அறையில் இருந்ததோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார வேண்டும். "நான் எந்திரிச்சா பெஞ்சும் கூடவே எந்திரிக்குது, அதுக்கும் வீட்டு ஞாபகம் வந்துடுச்சு போல" என்பாள். அப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் அந்தக் குழு ஒட்டியது. சிரித்துப் பழகின பிறகு மற்றதெல்லாம் மெல்ல வெளியே வந்தது. யார் வீட்டில் சோற்றுத் தட்டு பறக்கிறது, யார் புருஷன் பணம் வருகிற தேதியில் மட்டும் நல்லவன், யார் முழுக்கை ரவிக்கை போடுவது குளிருக்காக இல்லை என்று.

வருகைப் பதிவுக்குக் கையெழுத்து, ரேகை எதுவும் கிடையாது. சுவரில் ஒரு பலகை, அதில் பன்னிரண்டு இரும்புக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வருகிறவள் தன் கார்டைத் தன் கையால் தன் கொக்கியில் மாட்ட வேண்டும், போகும்போது எடுத்துப் போக வேண்டும். ஒரு கொக்கி தொடர்ந்து இரண்டு வாரம் காலியாக இருந்தால், அந்த வெள்ளிக்கிழமை குழுவிலிருந்து இரண்டு பேர் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தட்டி, மூன்று கேள்வி கேட்பார்கள். உடம்பு நல்லா இருக்கா? யாராவது கை வச்சாங்களா? வெளிய வரணும்னா வர முடியுதா? பதிலை அவள் வாயாலேயே கேட்காமல் திரும்பக் கூடாது. காரணம் நியாயமாக இருந்தால் பணம் நிற்காது. இந்த விதியை வாரம் தவறாமல் குழுவுக்கு ஒப்பித்துக் காட்டுகிறவள் குழுவின் தலைவி. அந்தத் தலைவிதான் தையலக்கா.

கடைத்தெரு ஓரத்தில் ஷட்டர் போட்ட சின்னக் கடை அவளுடையது. பள்ளிச் சீருடை தைப்பாள். கட்டினவன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு அந்த மிஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது. அம்மா செத்தபோது தம்பிக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. ஊட்டி வளர்த்தவள் என்று சும்மா சொல்வார்கள் இல்லையா, அவள் நிஜமாகவே ஊட்டி வளர்த்தாள். அவன் வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஊருக்கே இனிப்பு கொடுத்தாள். அந்தப் பலகைக்குக் கொக்கி அடித்துக் கொடுத்ததும் அவன்தான். அக்கா கேட்டாள் என்று காசு வாங்காமல் செய்து, தோளில் சுமந்து வந்து சுவரில் அறைந்துவிட்டுப் போனான்.

பதினோராவது கொக்கி அவன் பெண்டாட்டியுடையது. கல்யாணமாகி இரண்டு வருஷம். அவளை வீட்டில் சின்னவள் என்பார்கள். தையலக்கா வெட்டித் தைத்துக் கொடுக்கும் சட்டைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து கையாலேயே காஜா போட்டுத் தருவாள். பட்டன் துளையைச் சுற்றி அவள் போடும் தையல் எறும்பு வரிசை போல நெருக்கமாக இருக்கும். தையலக்கா யாரையும் லேசில் பாராட்ட மாட்டாள். சின்னவளின் காஜாவை மட்டும் வாடிக்கைக்காரர்களிடம் திருப்பிக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வாள்.

தம்பி அடிப்பான் என்பது அவளுக்குத் தெரியும். குழு வருவதற்கு முன்பு, சின்னவள் உதடு வீங்கி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடைக்கு வந்த நாட்கள் உண்டு. தையலக்கா தம்பியைக் கூப்பிட்டுத் திட்டுவாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்பான், ஒரு வாரம் ஒழுங்காக இருப்பான். அதற்குமேல் அவள் எதுவும் செய்ததில்லை. அப்பா அம்மாவை அடித்தபோது ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தி வளர்ந்தவள் அவள். அம்மாவே சொல்வாள், "ஜன்னலைச் சாத்துடி, வெளிய கேக்கப் போகுது." வாங்குகிற அடியைவிட அது வெளியே கேட்பதுதான் அந்த வீட்டில் பெரிய அவமானம்.

குழு ஆரம்பித்த பிறகு தம்பி வீட்டில் அடி நின்றது. கையில் கொஞ்சம் பணம் புழங்கியதால் சிடுசிடுப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் முக்கியமாக அவன் கையைப் பிடித்து நிறுத்தியது புதன்கிழமை. புதன்கிழமை சின்னவள் பதினொரு பெண்களுக்கு எதிரே போய் உட்கார வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும். போகாவிட்டால் வெள்ளிக்கிழமை கதவு தட்டப்படும். "எட்டு மாசமாச்சு அண்ணி, ஒரு தடவைகூட இல்ல" என்று சின்னவள் ஒருநாள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். தையலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி திருந்திவிட்டான் என்று நினைத்தாள். அவன் பயந்திருந்தான், அவ்வளவுதான். பயத்துக்கும் திருந்தினதற்கும் வித்தியாசம் தெரியாத வயசா அவளுக்கு?

ஒரு புதன்கிழமை மதியம் தம்பி பட்டறை உடுப்போடு கடைக்கு வந்தான். கையில் சின்னவளின் கார்டு.

"அவளுக்குக் காய்ச்சல்க்கா. எந்திரிக்க முடியல. இதை மாட்டிடு."

"அடுத்தவங்க மாட்டக் கூடாதுடா."

"நீ என்ன அடுத்தவளா? தலைவி நீதான. பணம் நின்னுடுச்சுன்னா வாடகைக்கு என்ன பண்றது?"

ஒரு வாரம் வராவிட்டால் பணம் நிற்காது. இரண்டு வாரம் வராவிட்டாலும் நிற்காது, போய்ப் பார்ப்பார்கள். இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் தம்பி முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் மிஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு வந்தால் அப்படித்தான் எங்கேயோ பார்ப்பான். அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை அப்படியே முழுங்கிவிட்டு, கார்டை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அறையைத் திறக்கிறவள் அவள்தான். மற்றவர்கள் வருவதற்குள் மாட்டிவிட்டாள்.

"சின்னவ வரல?" என்றாள் முட்டைக்காரி, பலகையைப் பார்த்துக்கொண்டே.

"காய்ச்சல். கார்டைக் குடுத்தனுப்பினா."

"அப்படிக் குடுத்தனுப்பலாமா? நீதான் வாராவாரம் மந்திரம் மாதிரி சொல்வியே, அவங்கவங்க கைன்னு."

"வீட்டு ஆளுதானே நான். எனக்குத் தெரியாதா அவளுக்கு என்னன்னு?"

முட்டைக்காரி தன் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. புருஷனின் அக்காவே சொல்லும்போது குறுக்கே பேச யாருக்கு மனசு வரும்? வேறு யாருடைய கார்டாக இருந்தாலும் அன்று ஒரு வார்த்தை வந்திருக்கும்.

அடுத்த புதனும் தம்பி வந்தான். "இன்னும் சரியாகலக்கா" என்றான். அவள் மிஷினை நிறுத்தவில்லை. தலையைத் தூக்காமல், சீருடைக் கால்சட்டையின் ஓரத்தை ஓட்டிக்கொண்டே, தன் வாழ்நாளில் அவள் திரும்ப வாங்கிக்கொள்ள ஏங்கப் போகிற அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"சரி, கார்டு எங்கிட்டயே இருக்கட்டும். நீ ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டுட்டு வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

தம்பி சிரித்தான். நெடுநாள் கழித்து அவன் அப்படிச் சிரித்ததைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் காதில் என்ன விழுந்தது என்பதை அவள் யோசிக்கவில்லை. பெண்டாட்டி முகம் எப்படி இருந்தாலும் இனி யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை கதவை யாரும் தட்டப் போவதில்லை, பணமும் வந்துகொண்டே இருக்கும் என்பதைத்தான் அவன் கேட்டான்.

மூன்றாவது வாரம் காஜாவுக்குக் கொடுத்தனுப்பின சட்டைகள் திரும்பி வந்தன. தம்பிதான் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். தையலக்கா ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காஜா கோணல்மாணலாக இருந்தது. ஒரு தையல் நீளம், ஒன்று குட்டை. நூல் முடிச்செல்லாம் வழக்கமாக விழுகிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் விழுந்திருந்தது. முப்பது வருஷம் ஊசி பிடித்தவள். வலது கையால் போட்டால் முடிச்சு எந்தப் பக்கம் விழும், இடது கையால் போட்டால் எந்தப் பக்கம் விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இடது கைப் பழக்கம் இல்லாத ஒருத்தி, இருபது சட்டைக்கு, சட்டைக்கு ஆறு காஜாவாக இடது கையால் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

தையலக்கா என்ன செய்தாள்? பிளேடை எடுத்தாள். ஒவ்வொரு காஜாவாகப் பிரித்தாள். நூலை ஊதித் தள்ளினாள். பிரித்ததை எல்லாம் தானே திரும்பப் போட்டாள். இரண்டு நாள் பிடித்தது. வாடிக்கைக்காரர் கேட்டதற்கு, "ஆள் சரியில்ல, நானே போட்டுட்டேன்" என்றாள். பிற்பாடு, எனக்கு அப்போது உறைக்கவே இல்லை என்று அவள் பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். பொய். கைக்கு உறைத்திருந்தது. கைக்கு உறைத்ததை மனசுவரை போக விடாமல் இரண்டு நாள் வேலையைப் போட்டு அமுக்கினாள்.

நான்காவது வாரம் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மூன்று தெரு தள்ளியிருந்த தம்பி வீட்டுக்குப் போனாள். தெருமுனைக் கடையில் ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டாள், வெறுங்கையோடு போகக் கூடாதென்று. வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. ரெண்டு பேரும் எங்கேயோ போயிருக்கிறார்கள், அப்படியென்றால் உடம்பு சரியாகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள். திரும்பும்போது உள்ளே குழாய் திறந்திருக்கும் சத்தம் கேட்டது. நின்றாள். குழாய் நின்றது. அவள் மறுபடி நடந்தாள். ரொட்டியை வழியில் ஒரு நாய்க்குப் போட்டாள்.

இந்தக் குழாய்ச் சத்தத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாவது புதன்கிழமை பை மேடம் வந்தாள். தொண்டு நிறுவனத்திலிருந்து வரும் களப்பணியாளர். தோளில் எப்போதும் ஆளையே இழுத்துச் சாய்க்கிற மாதிரி ஒரு பை தொங்குவதால் முட்டைக்காரி வைத்த பெயர் அது. அவளுக்கு நிறைய குழுக்கள், இந்தக் குழுவுக்கு எப்போதாவதுதான் வருவாள். வந்தவள் பையை இறக்கிவிட்டுப் பலகையைப் பார்த்தாள். பிறகு பெஞ்சுகளைப் பார்த்தாள். மறுபடி பலகை.

"கார்டு பன்னெண்டு. ஆள் பதினொண்ணு. யாரு வரல?"

அவளே பலகைக்குப் பக்கத்தில் போனாள்.

"பதினோராவது கொக்கி யாருது?"

"என் தம்பி சம்சாரம்" என்றாள் தையலக்கா. "அவளுக்குக் காய்ச்சல், அதான் நானே..."

"எத்தனை வாரமா?"

தையலக்கா தலையைக் குனிந்துகொண்டாள். முட்டைக்காரிதான் சொன்னாள். "அஞ்சு வாரம் மேடம். இன்னியோட அஞ்சு." சொல்லிவிட்டுத் தையலக்காவைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, தன்மேலேயே இருந்த கோபமும் சேர்ந்து.

பை மேடம் திட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வீடு எங்க, காட்டுங்க" என்றாள். பதினொரு பேரும் எழுந்தார்கள். பட்டப்பகல் வெயிலில், மூன்று தெருவும் வேடிக்கை பார்க்க, கூட்டமாக நடந்தார்கள். எந்த மானத்தைக் காக்க ஐந்து வாரம் பாடுபட்டாளோ, அது தெருத்தெருவாகப் போனது. தையலக்கா எல்லோருக்கும் பின்னால் வந்தாள்.

அதே பூட்டு. முட்டைக்காரி உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். "சின்னவளே! உள்ள இருக்கியா?"

கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில், குரல் வந்தது. "இருக்கேன். சாவி அவர்கிட்ட இருக்கு."

பை மேடம் போலீசுக்குப் போன் செய்துகொண்டிருக்கும்போதே, எதிர்வீட்டிலிருந்து ஒரு கடப்பாரை வந்தது. முட்டைக்காரி பூட்டை நெம்பினாள். கதவு திறந்தது. சின்னவள் வாசலில் நின்றாள். வலது கையைத் துப்பட்டாவால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாள், அவளே ஒற்றைக் கையால் போட்ட கட்டு. இடது கன்னத்தில் பழைய மஞ்சள், அதன்மேல் புது நீலம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தையலக்காவின் முகம் வந்ததும் நிற்காமல் அடுத்த முகத்துக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மணிக்கட்டு எலும்பு. கோணலா ஒட்ட ஆரம்பிச்சிடுச்சு. அன்னிக்கே கொண்டு வந்திருந்தா ஒரு கட்டோட போயிருக்கும். இப்ப மறுபடி பிரிச்சுதான் சேக்கணும். அப்பவும் பழைய பிடி வருமான்னு சொல்ல முடியாது. என்னிக்கு ஆச்சு இது?"

"வியாழக்கிழமை" என்றாள் சின்னவள். "மூணு வாரத்துக்கு முன்ன, வியாழக்கிழமை."

திரைக்கு வெளியே நின்றிருந்த தையலக்கா விரல் விட்டு எண்ணாமலேயே நாளைக் கண்டுபிடித்தாள். கார்டு எங்கிட்டயே இருக்கட்டும் என்று சொன்னதற்கு மறுநாள்.

தம்பியைப் போலீஸ் பிடித்தது, சில நாள் உள்ளே வைத்து ஜாமீனில் விட்டது. வழக்கு நடக்கிறது. சின்னவள் பக்கமே போகக் கூடாதென்று கோர்ட் உத்தரவு. வெளியே வந்தவன் நேரே கடைக்கு வந்தான். தையலக்கா கத்தரியைக் கீழே வைக்காமல் நின்றாள். என்னென்னவோ கேட்க நினைத்திருந்தாள், ஏண்டா, உன்னை இதுக்காடா வளர்த்தேன் என்றெல்லாம். அவன் அழுதான். அழுதுகொண்டே, குறை சொல்கிற மாதிரி இல்லாமல், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான்.

"நீ பாத்துக்கறேன்னு சொன்னியேக்கா?"

ஷட்டரைப் பாதி இறக்கினாள். அவன் குனிந்து வெளியே போனான். அப்புறம் அவன் பட்டறையிலேயே படுத்துக்கொள்வதாகக் கேள்விப்பட்டாள்.

குழு கூடியது. தலைவி பொறுப்பை முட்டைக்காரியிடம் கொடுத்தார்கள். தையலக்காவை விலக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அதற்கு விதியில் இடமில்லை என்றாள் பை மேடம். சின்னவள் முட்டைக்காரி வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தங்கினாள். ஆபரேஷன் நடந்தது. கை நேராயிற்று, விரல் மடங்கவில்லை. முட்டையை எண்ணி அடுக்குகிற வேலையை இடது கையால் செய்துகொண்டிருந்தாள். புதன்கிழமைகளில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பதினோராவது கொக்கியில் கார்டை இடது கையால் மாட்டினாள். முதல் தடவை கார்டு நழுவிக் கீழே விழுந்தது. அறையில் இருந்த யாரும் எடுத்துக் கொடுக்க எழவில்லை. அவளே குனிந்து எடுத்து மாட்டினாள்.

சின்னவளின் கார்டு விழுந்த அந்தக் கூட்டத்துக்குத் தையலக்கா வந்திருந்தாள், பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது. அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்குக் கடையிலேயே இருந்தாள். அதற்கடுத்த புதனும் போகவில்லை. பணம் நின்றால் நிற்கட்டும் என்று நினைத்தாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் உட்காருவது?

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டில் சமைக்காமல், விளக்குப் போடாமல், வெறும் தரையில் படுத்திருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து திறந்தாள்.

வாசலில் முட்டைக்காரியும் சின்னவளும் நின்றார்கள்.

"ரெண்டு வாரம் கொக்கி காலி" என்றாள் முட்டைக்காரி. "வந்தோம்."

"உள்ள வாங்க, உக்காருங்க" என்று தையலக்கா பாயைத் தேடினாள். சின்னவள் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, மடங்காத வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற குரலில் கேட்டாள்.

"உடம்பு நல்லா இருக்கா?"

"இருக்கும்மா."

"யாராவது கை வச்சாங்களா?"

"இல்ல."

"வெளிய வரணும்னா வர முடியுதா?"

தையலக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கேள்வி காத்துக்கொண்டு நின்றது. அவள் வாயாலேயே பதில் வராமல் அவர்கள் போக முடியாது. "முடியும்" என்றாள் கடைசியில்.

"சரி. புதன்கிழமை வந்துடுங்க" என்றாள் முட்டைக்காரி. இருவரும் திரும்பினார்கள். தையலக்காவுக்கு அப்போதுதான் அழுகை பீறிட்டது. "என்னை மன்னிச்சுடும்மா" என்றாள் சின்னவளின் முதுகைப் பார்த்து. "உன்னைப் பூட்டி வச்சிருப்பான்னு நான் நெனக்கலம்மா."

சின்னவள் நின்றாள். திரும்பினாள். கோபமாக இருந்திருந்தால்கூட தையலக்கா தாங்கியிருப்பாள்.

"அந்த வியாழக்கிழமை, நாளைக்கு ஆள் வருவாங்கன்னு அவர்கிட்டச் சொன்னேன் அண்ணி. ஒருத்தியும் வர மாட்டா, அக்காவே கார்டை மாட்டிட்டான்னாரு. சொல்லிட்டுத்தான் கையை முறுக்கினாரு. நான் அதை நம்பல. அண்ணி அப்படிப் பண்ண மாட்டாங்கன்னு நெனச்சேன்." நிலைப்படியைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை விடிஞ்சதுலேருந்து கதவுகிட்டயே உக்காந்திருந்தேன். இந்த மூணு கேள்விக்கும் பதிலை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். நீங்கதான் வந்து கேப்பீங்கன்னு."

முட்டைக்காரி அவள் தோளைத் தொட்டாள். இருவரும் படியிறங்கித் தெருவில் நடந்தார்கள். தையலக்கா கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.